எட்டுக் கோப்பிலும் இருந்த ஒரே வரி

1. எட்டும் எட்டும் பதினாறு

எட்டுக் கோப்புகளை ஒன்றாக்கித் தரும்படி கேட்டார்கள். நான் முதல் வேலையாக அந்த எட்டையும் கொப்பி பண்ணிப் பதினாறாக்கினேன்.

சிரிக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நான் அப்படித்தான். எங்கள் வீட்டு அடையாள அட்டைகளின் போட்டோ கொப்பி மூன்று இடத்தில் இருக்கும். அலுமாரியில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று, கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வயல் பக்கம் இருக்கும் மதினி வீட்டில் ஒன்று. டோர்ச் இரண்டு. மகளின் தடுப்பூசி அட்டைக்குக்கூட ஒரு இரட்டைப் பிறவி உண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் சொல்லுவார்: "இவட கணக்குக்கு என்னையும் ஒரு கொப்பி எடுத்து வெச்சாத்தான் நித்திர வரும்."

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கணினிப் போதனாசிரியை. வீடு சாய்ந்தமருதில். ஓய்வு நேரத்தில் ஒரு ஓபன் சோர்ஸ் மென்பொருளுக்கு வேலை செய்து வந்தேன். ஓபன் சோர்ஸ் என்றால் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அந்த மென்பொருளின் வேலை ஒன்றுதான். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிந்து வைத்து, தேடி வருகிறவர்களுக்கு 'இருக்கிறார்' அல்லது 'இல்லை' என்று சொல்வது. 'இல்லை' என்றால் அந்தப் பெயர் தேடப்படுவோர் பட்டியலில் ஏறும். அதற்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் 'லிஸ்ட்' என்போம்.

யுத்தம் முடிந்த வருடம் அது. வடக்கில் முகாம்கள் நிரம்பிக் கிடந்தன. அங்கே லிஸ்ட் தேவைப்பட்டது. மென்பொருளின் பொறுப்பாளர் ருவன் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். ருவனின் தமிழ் பாதி கொழும்பு, பாதி அகராதி.

"மிஸ், ஸொஃப்ட்வெயார் ஒண்டுதானே. பில்ட் கொன்பிக் எட்டு இருக்கு. ஏன் மிஸ் எட்டு?"

"எட்டு ஊர் இருந்திச்சு, ருவன்."

"இப்ப ஒன்பதாவது ஊர் வருது. ஒன்பதாவது பைல் வேணாம். எட்டையும் ஒண்டாக்கித் தாங்க. ஒரு கிழமை இருக்கு."

"ஒரு கிழமையா?"

"மிஸ், அங்க தாய் தகப்பன் பிள்ளைகளத் தேடிட்டு இருக்காங்க. ஒரு கிழமையே கூடுதல்."

அதற்குமேல் நான் பேசவில்லை. போனை வைத்துவிட்டு எட்டையும் கொப்பி பண்ணினேன்.

2. எட்டு எப்படி வந்தது

பில்ட் கொன்பிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே அரிசி மாதான். ஒரு வீட்டில் இடியப்பம் பிழிவார்கள், அடுத்த வீட்டில் பிட்டு அவிப்பார்கள். நிரல் என்பது மா. இந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த சீட்டுத்தான் பில்ட் கொன்பிக். எந்த எழுத்துரு, எந்த பிரின்டர், எந்தக் கட்டத்தில் தேடுவது என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துத்தான் கணினி மென்பொருளைக் கட்டி ஒரு சீடீயில் தரும். அந்தக் கட்டலுக்குப் பெயர் பில்ட்.

சுனாமி வந்த வாரம் முகாம்களில் பெயர்களைக் கொப்பி என்கிற பாடசாலை நோட்டுப் புத்தகங்களில்தான் எழுதினார்கள். அடுத்த வாரம் லிஸ்ட் சீடீயாக வந்து சேர்ந்தது. சாய்ந்தமருது முகாமுக்கான சீட்டை நான் எழுதினேன். இரண்டாம் நாளே அட்டாளைச்சேனையிலிருந்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பிளொப்பியுடன் வந்து என் சீட்டைக் கொப்பி அடித்துப் போனார்கள். மேலே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினார்கள். அவர்களிடம் இன்னொரு ஊர் கொப்பி அடித்தது. அந்த ஊரிடம் மற்றொன்று. கொப்பியின் கொப்பியின் கொப்பியாக எட்டு வந்தது.

அந்த நாட்களில் நான் செய்த வேலையில் பாதி எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை. ஐந்து வயதான என் மகள் ஹஸ்னா தண்ணீர் வந்த காலையில் என் கையை விட்டுப் போய், இரண்டு நாள் கழித்துக் கிடைத்தாள். அவள் கிடைத்த பிறகும் என் கை நடுங்குவது நிற்கவில்லை. அந்த நடுக்கத்தோடுதான் கீபோர்டில் உட்கார்ந்தேன். அவள் என் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பாள். எழும்பிப் போனால் எனக்கு வேலை ஓடாது.

3. துப்புரவு

துப்புரவு வேலையில் எனக்குக் கூட்டாளி தவராசா. சொறிக்கல்முனைக்காரர், வயல் வேலைக் குடும்பம். எங்கள் நிலையத்தில் கணினி திருத்துகிறவர். புது சீடீயை எடுத்துக்கொண்டு வடக்குக்குப் போகப் போகிறவரும் அவர்தான். அதனால் என்னைவிட அவருக்கு அவசரம்.

எட்டையும் அச்சிட்டு வகுப்பறை மேசைகளில் நீளமாக விரித்தோம். ஒரு சட்டம் வைத்தோம். எட்டிலும் ஒரேமாதிரி இருக்கும் வரி பொதுக் கோப்புக்குப் போகும். ஊருக்கு ஊர் மாறும் வரி அந்தந்த ஊரின் சின்னக் கோப்புக்குப் போகும். ஏன் இருக்கிறது என்று தெரியாத வரிக்கு போன் எடுத்துக் கேட்பது.

அட்டாளைச்சேனைக் கோப்பில், பக்கத்தின் இடது ஓரத்தை மூன்று அங்குலம் வெறுமையாக விடும்படி ஒரு வரி இருந்தது. போன் எடுத்தோம். உப்புத் தண்ணீர் குடித்த பிரின்டர் ஒன்று வலது பக்கம் மட்டும்தான் அடிக்குமாம். அந்த பிரின்டரைத் தூக்கி எறிந்தே நாலு வருடம். வரி மட்டும் விசுவாசமாக இடம் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

சொறிக்கல்முனைக் கோப்பில், தொடங்கும்போது பத்து செக்கன் சும்மா நிற்கும்படி ஒரு வரி.

"இதென்ன கோதாரி? ஆரு இத எழுதினது?" என்றேன்.

தவராசா காகிதத்தைப் பார்க்காமல் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். "நாந்தான் டீச்சர். அங்க கரண்ட் ஏறி இறங்கும். அது நிலைக்கு வரட்டும் எண்டு..."

"ஒரு வரி விளக்கம் எழுதி இருக்கலாமே."

"எழுதி இரிக்கலாம்தான்."

இன்னொரு கோப்பில் 'இதை அழிக்க வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. எதை அழிக்க வேண்டாம் என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க அந்த வெறும் இடத்தை இருவரும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அதற்கும் ஒரு கொப்பி எடுத்துவிட்டு அழித்தேன்.

பிறகு அந்த வரி வந்தது. தேடல் தாயின் பெயரில் நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். எட்டுக் கோப்பிலும் இருந்தது. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பதியும்போது தாய், தந்தை இருவர் பெயரும் லிஸ்டில் ஏறும். தேடும்போது மட்டும் ஒரு கட்டத்தில்தான் தேடும். அன்றைய பழைய கணினிகளுக்கு அதற்குமேல் சக்தி இல்லை. எந்தக் கட்டம் என்பதை இந்த வரி தீர்மானிக்கும். திரையிலோ 'பெற்றோர் பெயர்' என்று மட்டும்தான் தெரியும்.

"இதில கேள்வியே இல்ல டீச்சர். பொதுவில போடுங்க," என்றார் தவராசா. "புள்ளய வேற என்னெண்டு தேடுற?"

"ஓம்," என்றேன். இரண்டு செக்கன்கூட யோசிக்கவில்லை.

எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பத்திரங்களில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர் நிற்கும். ஆனால் தெருவில் ஒரு பிள்ளையை நிறுத்தி "யார்ர புள்ள?" என்று கேட்டால் தாயின் பெயரைத்தான் சொல்லும். முஸ்லிம் ஊரிலும் அப்படித்தான், தமிழ் ஊரிலும் அப்படித்தான். பஸ் தரிப்பிடம் எங்கே வர வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு சமூகங்கள் இதில் பேச்சில்லாமல் ஒத்துப்போகின்றன. அந்த மேசையில் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் அது ஒரு வழக்கம் என்றே தோன்றவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்பதைப் போலத்தான் இருந்தது.

ஆறாம் நாள் வேலை முடிந்தது. பொதுக் கோப்பு ஒன்று, அதனோடு ஒட்டிய துண்டுக் கோப்புகள் எட்டு. வடக்குக்கான ஒன்பதாவது வெறும் ஐந்து வரிதான். எங்கள் பிள்ளைகளின் பெயர்களை ஏற்றிச் சோதித்துப் பார்த்தோம். நான் என் பெயரை அடித்தேன், ஹஸ்னா வந்தாள். தவராசா தன் மனைவியின் பெயரை அடித்தார், அவர்களுடைய பிள்ளைகள் மூன்றும் வந்தன.

ருவன் போனில் குதித்தார். "சூப்பர் மிஸ்! இனி பழைய எட்டையும் அழிங்க."

"அழிக்கத்தான் வேணுமா?"

"மிஸ், அழிச்சாலும் போகாது. எல்லாம் கொமிட் வரலாற்றில இருக்கு. யார், எந்த நாள், என்ன மாத்தினது, எல்லாம்."

அழித்தேன். என்னிடம் இருந்த மற்ற எட்டையும் ஒரு சீடீயில் எழுதி மதினி வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

4. வேலை செய்கிறது, ஆனால்

தவராசா வடக்குக்குப் போய் மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வகுப்பில் நின்றேன். போன் அடித்தது.

"டீச்சர், லிஸ்ட் வேல செய்யிது. ஆனா வேல செய்யல்ல."

"என்ன கதைக்கிறீங்க தவராசா? எரர் ஏதும் வருதா?"

"எரர் இல்ல. பேர் ஏறுது, பிரின்ட் ஆகுது, எல்லாம் வடிவா இரிக்கி. ஆனா தேட வாற ஆளுக்கெல்லாம் 'இல்லை' எண்டுதான் சொல்லுது. நேத்துல இருந்து ஒருத்தருக்கும் 'இருக்கிறார்' எண்டு வரல்ல. இஞ்ச ஒரு தகப்பன் நிக்கிறார். மூணாவது தரமா வந்திரிக்கார். ரெண்டு பொம்புளப் புள்ளயள். வேற முகாமுக்குப் போக பாஸ் எடுக்கணும் எண்டா லிஸ்ட்டில பேர் இரிக்கணும். இவருக்கு இல்ல எண்டுது. மேசைய விட்டுப் போகவும் மாட்டேங்கிறார்."

"அந்தப் புள்ளயள் உண்மையிலேயே லிஸ்ட்டில இல்லாம இரிக்கலாமே."

நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை. போனுக்குள் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. கத்தவில்லை. களைத்த, மரியாதையான குரல்.

"தம்பி, திருப்பி ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. என்ர பேர்தான் ரெண்டுக்கும் முதலெழுத்து. என்ர பேரிலதான் இருப்பினம்."

'பாருங்கோ' என்றார். எங்கள் கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் எங்கள் ஊர் ஆள் இல்லை என்பது அந்தச் சொல்லில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் ஆள் இல்லை என்றால் எங்கள் ஊர்ப் பழக்கமும் அவருக்கு இல்லை.

கையிலிருந்த சோக்கட்டியை வைத்தேன். "தவராசா, என்ன பேர் அடிச்சீங்க?"

"தகப்பன்ட பேர். அவர் தந்த பேர்தான்."

"மனிசிட பேரக் கேளுங்க."

அங்கே அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு தவராசா குரலைத் தாழ்த்தினார். "மனிசி இல்லையாம் டீச்சர். வரக்குள்ள வழியில..."

"ஓம். பேரக் கேளுங்க."

கேட்டார். அந்த மனிதர் மனைவியின் பெயரைச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கீபோர்ட் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, ஒரு விரலால். தவராசாவுக்கு இரண்டு விரலால் அடிக்கப் பழக்கம். அன்று ஒரு விரல்தான்.

"இரிக்கி டீச்சர்." பிறகு, "ரெண்டும் இரிக்கி."

அங்கே ஒரு கதிரை விழுகிற சத்தம் கேட்டது. இங்கே என் வகுப்பில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5. யார் எழுதியது

அன்று மத்தியானமே வடக்குக் கோப்பில் 'தந்தை' என்று ஒரு வரி சேர்த்துப் புது பில்ட் அனுப்பினேன். 'இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஆட்களை எல்லாம் தவராசா ஒலிபெருக்கியில் மீண்டும் கூப்பிட்டார்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. எட்டு ஊருக்கும் பரவிய ஒரு வரியை, ஏன் என்று ஒரு சொல்லும் எழுதாமல் எவரோ போட்டிருக்கிறார். ஆரம்பத்தில் மென்பொருளில் அது 'தந்தை' என்றுதான் இருந்தது. எவரோ மாற்றியிருக்கிறார். ருவனுக்கு போன் எடுத்தேன்.

"கொமிட் வரலாற்றப் பார்த்து ஆள் யாரெண்டு சொல்லுங்க. நான் நல்லா நாலு கேள்வி கேட்கணும்."

ருவன் பார்த்தார். அதற்கு இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது.

"மிஸ், கோவிக்க வேணாம்."

"சொல்லுங்க."

"உங்கட பேர் மிஸ். சுனாமிக்கு அடுத்த கிழமை. விளக்கத்தில 'சரி' எண்டு மட்டும் இருக்கு."

அப்போதுதான் வந்தது நினைவு.

சுனாமிக்கு அடுத்த நாள் ஹஸ்னாவைத் தேடி மூன்று முகாமுக்குப் போனேன். இரண்டாவது முகாம் உள்ளூரில் ஒரு பாடசாலை. வாசலில் மேசை போட்டு ஒரு இளம்பெண் கொப்பியுடன் உட்கார்ந்திருந்தாள். முந்திய நாளிலிருந்து அவளும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வாப்பாட பேர் என்ன ராத்தா?"

என் கணவரின் பெயரைச் சொன்னேன். விரலால் மேலிருந்து கீழே தேடினாள். பக்கம் புரட்டினாள். "இல்ல ராத்தா."

நான் அடுத்த முகாமுக்கு நடந்தேன். மறுநாள், போக வேறு இடமில்லாமல் அதே பாடசாலைக்குத் திரும்பி வந்தேன். பின் வகுப்பறையிலிருந்து ஒரு சண்டை கேட்டது. பிஸ்கட் பக்கெட்டுக்கான சண்டை. அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் அறிவேன். ஹஸ்னாதான். வெற்றியும் அவளுக்குத்தான்.

கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவளுடைய பெயருக்கு நேரே தந்தை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. கடைசியில், குறிப்பு என்ற கட்டத்தில், என் பெயர். அவளிடம் யாரும் வாப்பாவின் பெயரைக் கேட்கவில்லை. "யார்ர புள்ள?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளும் அவள் அந்தக் கொப்பியில் இருந்தாள். நாங்கள்தான் அவளைத் தவறான கட்டத்தில் தேடினோம்.

அடுத்த வாரம் லிஸ்ட் சீடீ வந்தபோது அதிலும் 'தந்தை' என்று இருப்பதைக் கண்டேன். மாற்றினேன். 'சரி' என்று எழுதினேன். இனி எந்தத் தாய்க்கும் 'இல்லை' வராது என்று நினைத்திருப்பேன். தகப்பன்மாரை நான் நினைக்கவில்லை. எங்கள் கரைக்கு வெளியே ஒரு கரை இருக்கும் என்றும் நினைக்கவில்லை.

6. பில்ட் கேட்கிற கேள்வி

பொதுக் கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். 'தாய்' என்றும் போடவில்லை, 'தந்தை' என்றும் போடவில்லை. துண்டுக் கோப்பில் ஊர்க்காரர் தாங்களே எழுதாவிட்டால் பில்ட் ஓடாது, நின்றுவிடும். நின்று ஒரு கேள்வி கேட்கும்: 'உங்கள் ஊரில் ஒரு பிள்ளையை யாருடைய பெயரில் தேடி வருவார்கள்? பத்திரத்தைப் பார்க்க வேண்டாம். வாசலில் நிற்கிறவரைக் கேளுங்கள்.'

"மிஸ், எரர் மெசேஜ் இவ்வளவு நீளம் வேணுமா?" என்றார் ருவன்.

"ஓம்," என்றேன்.

ஒரு கிழமை கழித்துத் தவராசா மறுபடி போன் எடுத்தார். அந்தத் தகப்பன் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்திருக்கிறாராம். தேடப்படுவோர் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்துவிடச் சொல்கிறாராம். திரையில் அவை மறைவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"அழிக்கட்டா டீச்சர்?"

"ஒரு கொப்பி எடுத்திட்டு அழிங்க."

"அதானே பார்த்தன்," என்று தவராசா சிரித்தார். அவ்வளவு தூரத்திலும் அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

அந்தத் தண்ணீரில் ஹஸ்னாவைத் தூக்கி ஒரு லொறியில் ஏற்றிவிட்டது என் சாச்சி, என் தாயின் தங்கை. சாச்சி கிடைக்கவில்லை. தேடப்படுவோர் பட்டியலில் அவருடைய பெயர் இன்றும் இருக்கிறது. எத்தனையோ துப்புரவு செய்தாயிற்று. அந்தப் பெயரை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். ஒரே வரி எட்டு இடத்தில் இருந்தால், அது எல்லோருக்கும் பொது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டுப் பேரும் ஒரே ஆளிடம் கொப்பி அடித்திருக்கலாம். அந்த ஆள் கை நடுங்க உட்கார்ந்து எழுதியிருக்கலாம். வரலாற்றைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒரு வரியை மாற்றினால் ஏன் என்று எழுதுங்கள். 'சரி' என்று மட்டும் எழுதாதீர்கள். அது ஒருவருக்கும் எதையும் சொல்லாது, எழுதியவருக்கே சொல்லாது.

ஹஸ்னாவுக்கு இப்போது கொழும்பில் வேலை. ஒரு நாளைக்கு மூன்று முறை போன் எடுப்பேன். இரண்டு முறைதான் எடுக்கலாம் என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளே எடுத்தாள்.

"உம்மா, போர்ம் ஒண்டு நிரப்பிறன். பெற்றோர் பேர் எண்டு ஒரே ஒரு கட்டம்தான் இரிக்கி. யார்ர பேர எழுத?"

"ரெண்டு பேரையும் எழுது."

"கட்டம் சின்னன் உம்மா. ரெண்டும் கொள்ளாது."

"எழுத்தச் சின்னதாக்கி எழுது மகள்," என்றேன். "எழுதிட்டு ஒரு கொப்பி எடுத்து வை."